இத்தாலிய நகர அரசுகள்: பகை, கூட்டணி, கட்சி மாற்றம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய நகரங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நேற்று ஒன்றாக நின்று போரிட்ட இரண்டு ஊர்கள் இன்று எதிரெதிர் அணியில் நிற்கும். போப்பின் கட்சி என்று பெயர் வாங்கிய ஊர் போப்போடேயே சண்டை போடும். எனக்கும் பல வருடங்கள் இது குழப்பமாகத்தான் இருந்தது. கட்சிப் பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு நகரத்திலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் எங்கே போய்த் தங்கினார்கள் என்று தேட ஆரம்பித்த பிறகுதான் கதை பிடிபட்டது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தத் தேடலிலிருந்து வந்தவை.

அந்தக் காலத்தில் இத்தாலி என்று ஒரு நாடு இருந்ததா?

இல்லை. இத்தாலி ஒரே அரசானது 1861-இல்தான். நாம் பேசும் காலத்தில், அதாவது ஏறக்குறைய 1200 முதல் 1500 வரை, வடக்கிலும் நடுவிலும் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட நகரங்கள் இருந்தன. நடுவே போப்பின் நிலங்கள், தெற்கே நேப்பிள்ஸ், சிசிலி அரசுகள். வடபகுதியின் பெரும்பங்கு பெயரளவில் ஜெர்மனியிலிருந்து ஆண்ட பேரரசருக்குச் சொந்தம். அந்தப் பேரரசரை வடக்கு நகரங்கள் ஒன்றுகூடி 1176-இல் லெஞ்ஞானோ போர்க்களத்தில் தோற்கடித்தன. 1183-இல் கான்ஸ்டன்ஸ் உடன்படிக்கை மூலம் தன்னாட்சியும் வாங்கிக்கொண்டன. பொது எதிரி விலகியதும் பக்கத்து ஊரோடு இருந்த பழைய தகராறுகள் மேலே வந்தன.

குவெல்ஃப், கிபெலின் என்பவர்கள் யார்?

போப்பின் பக்கம் நின்றவர்கள் குவெல்ஃப்கள், பேரரசரின் பக்கம் நின்றவர்கள் கிபெலின்கள் என்பது பாடப்புத்தக விளக்கம். இரண்டு பெயர்களும் ஜெர்மானிய அரச குடும்பச் சண்டையிலிருந்து வந்தவை. வெல்ஃப் என்ற குடும்பப் பெயர் குவெல்ஃப் ஆனது. எதிரணியான ஹோஹென்ஸ்டாஃபன் குடும்பத்தின் கோட்டையான வைப்ளிங்கன் என்பது இத்தாலியர் வாயில் கிபெலின் ஆனது.

புளோரன்ஸ் நகரத்துப் பழைய வரலாற்றாசிரியர்கள் இந்தப் பிளவுக்கு ஒரு கல்யாணக் கதையைக் காரணமாகச் சொன்னார்கள். புவொந்தெல்மொந்தே என்ற இளைஞன் அமிதேயி குடும்பத்துப் பெண்ணை நிச்சயம் செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் வேறொரு குடும்பத்தில் பெண் எடுத்தான். அவமானப்பட்டவர்கள் 1216 ஈஸ்டர் அன்று பழைய பாலத்தருகே அவனைக் குத்திக் கொன்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கொலையே எல்லாவற்றுக்கும் காரணமாக இருந்திருக்க முடியாது. ஆனாலும் அந்த ஊர் மக்கள் தங்கள் அரசியலை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை இந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது. குடும்பப் பகை முதலில், கொள்கைப் பெயர் அப்புறம்.

அப்படியானால் ஒரு நகரம் எந்தக் கட்சியில் சேருவது என்பதை எது தீர்மானித்தது?

பெரும்பாலும் பக்கத்து ஊர். புளோரன்ஸ் குவெல்ஃப் என்றால், அதோடு எல்லைத் தகராறும் வணிகப் போட்டியும் வைத்திருந்த சியனாவும் பைசாவும் கிபெலின் ஆகிவிடும். அந்த ஊர்களுக்கு அடுத்திருந்த லூக்கா, பைசாவைப் பிடிக்காது என்பதால் குவெல்ஃப் ஆகும். வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி மாறிமாறி வரும்.

உள்ளூரில் ஆட்சி கைமாறினால் நிறமும் மாறும். கிபெலின் கோட்டையாக இருந்த சியனாவை 1287 முதல் 1355 வரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சி குவெல்ஃப் பக்கம் சாய்ந்தது. புளோரன்ஸோடு சேர்ந்தும் நடந்தது. மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கித் தொழில் செய்த குடும்பங்களுக்குப் போப்பின் தயவு தேவைப்பட்டது.

மோன்தாபெர்த்தி போரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரே நாளில் இந்த அரசியலின் முழு உருவமும் வெளிப்பட்ட போர் அது. 1258-இல் புளோரன்ஸின் குவெல்ஃப்கள் தங்கள் ஊர் கிபெலின் குடும்பங்களைத் துரத்தினார்கள். அவர்களின் தலைவர் ஃபரினாத்தா தெல்யி உபெர்த்தி. அவர் போய்ச் சேர்ந்த இடம், பிறந்த ஊரின் பரம எதிரியான சியனா. அங்கே இருந்துகொண்டு, சிசிலியை ஆண்ட, ஹோஹென்ஸ்டாஃபன் குடும்பத்து மான்ஃப்ரெட் மன்னரிடம் உதவி கேட்டார்கள். ஜெர்மன் குதிரைப்படை வந்தது.

1260 செப்டம்பர் 4 அன்று சியனாவுக்குக் கிழக்கே மோன்தாபெர்த்தி குன்றடியில் மோதல். புளோரன்ஸின் படை எண்ணிக்கையில் பெரியது. ஆனால் அந்தப் படைக்குள்ளேயே கிபெலின் மனம் கொண்டவர்கள் இருந்தார்கள். போக்கா தெல்யி அபாத்தி என்பவர், சண்டை உச்சத்தில் இருந்தபோது தன் பக்கத்துக் கொடியைத் தாங்கியிருந்தவரின் கையை வெட்டினார் என்று சொல்லப்படுகிறது. கொடி விழுந்ததும் குதிரைப்படை கலைந்தது. காலாட்படை நின்ற இடத்திலேயே ஆயிரக்கணக்கில் மடிந்தது. காளைகள் இழுத்துவரும் போர்த்தேர் ஒன்று ஒவ்வொரு நகரத்துக்கும் உயிர்போல இருந்தது. புளோரன்ஸின் தேர் அன்று சியனாவின் கையில் சிக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதை விட்டு அகலாத காட்சி. வென்ற கிபெலின் நகரங்கள் எம்போலி என்ற ஊரில் கூடின. புளோரன்ஸை அடியோடு இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லோரும் தலையசைத்தபோது ஃபரினாத்தா ஒருவர் மட்டும் எழுந்து மறுத்தார். ஊரை மீட்கத்தான் போரிட்டேன், அழிக்க அல்ல என்பது அவர் வாதம். நகரம் தப்பியது.

அந்த நகரம் அவருக்குச் செய்த கைம்மாறு கொடுமையானது. 1266-இல் பெனெவென்த்தோ போரில் மான்ஃப்ரெட் இறந்ததும் காற்று திசைமாறியது. குவெல்ஃப்கள் திரும்பி வந்தார்கள். உபெர்த்தி குடும்பத்தின் வீடுகள் இடிக்கப்பட்ட நிலம்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் நிற்கும் சிஞ்ஞோரியா சதுக்கத்தின் ஒரு பகுதி. 1264-இலேயே இறந்துபோன ஃபரினாத்தாவை 1283-இல் சமய விரோதி என்று விசாரணை செய்து, எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்தார்கள்.

தோற்றவர்களை ஏன் எப்போதும் ஊரைவிட்டே துரத்தினார்கள்?

தோற்ற கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருக்க இடமளிக்கும் அமைப்பு அங்கே இல்லை. ஆட்சி முழுவதும் வென்ற குடும்பங்களின் கையில் போகும். தோற்றவர் உள்ளே இருந்தால், அடுத்த தெருவில் அவருக்கு ஒரு கோபுர வீடு, ஆயுதம் ஏந்திய உறவினர், கடன்பட்ட ஆட்கள் எல்லாம் இருக்கும். எனவே அவரை வெளியேற்றி, சொத்தைப் பறிமுதல் செய்து, வீட்டை இடித்தார்கள்.

ஆனால் வெளியேறியவர் சும்மா இருப்பாரா? அவருக்கு மதில்சுவரின் பலவீனம் தெரியும். வாயிற்காவலில் யார் உறவு என்று தெரியும். பணமும் பெரும்பாலும் வெளியூர் வங்கிகளில் பத்திரமாக இருக்கும். எதிரி நகரத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊரின் அகதிகளுக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்டது. கூட்டணிகள் திடீரென்று மாறியதாகத் தோன்றும் இடங்களில், சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் நகரத்தைவிட்டு வெளியேறியிருக்கும். தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தச் சண்டைகளைத் தணிக்க ஒரு முயற்சியும் இல்லையா?

இருந்தது. பொதெஸ்தா என்ற பதவி அப்படிப்பட்டது. நீதிபதியும் நிர்வாகியும் சேர்ந்த பதவி. அதற்கு உள்ளூர்க்காரரை வைக்க மாட்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒருவரைச் சம்பளத்துக்கு அழைத்துவருவார்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ மட்டும். எந்தக் குடும்பத்தோடும் அவர் நெருங்கிப் பழகக் கூடாது. பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை முடியும்வரை ஊரைவிட்டுப் போக முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவரை எந்த ஊரிலிருந்து அழைப்பது என்பதையும் ஆளும் கட்சியே முடிவு செய்ததால், நடுநிலை மெல்லத் தேய்ந்தது.

ஒரு வாளிக்காகப் போர் நடந்தது உண்மையா?

போர் உண்மை. 1325 நவம்பரில் ஸப்போலினோ என்ற இடத்தில் மோதெனா, போலோஞ்ஞாவைத் தோற்கடித்தது. எல்லைக் கோட்டைகளுக்கான சண்டை அது. போலோஞ்ஞாவின் மதில்வரை போன வெற்றியாளர்கள் ஒரு கிணற்று வாளியை வெற்றிச் சின்னமாகத் தூக்கிவந்தார்கள் என்பது மரபு. வாளி போரின் விளைவு. பிற்காலக் கதைகள்தான் அதைக் காரணமாக்கின.

வெனிஸும் ஜெனோவாவும் எதற்காக அடித்துக்கொண்டன?

கிழக்கு வணிகத்துக்காக. கான்ஸ்டான்டிநோபிள், கருங்கடல், சிரியா, எகிப்து துறைமுகங்களில் யார் சரக்கு ஏற்றுவது என்பதுதான் கேள்வி. இங்கே குவெல்ஃப், கிபெலின் பேச்சுக்குப் பெரிய இடமில்லை.

ஜெனோவா முதலில் பக்கத்திலிருந்த பைசாவை முடித்தது. 1284 ஆகஸ்ட் 6 அன்று மெலோரியா கடற்போரில் பைசாவின் கப்பற்படை நொறுங்கியது. சிறைப்பட்டவர்கள் அத்தனை ஆயிரம் பேர் என்பதால், பைசாவைப் பார்க்க வேண்டுமானால் ஜெனோவாவுக்குப் போ என்று ஒரு சொலவடையே பிறந்தது. அந்த அடியிலிருந்து பைசா முழுதாக எழவே இல்லை.

வெனிஸோடு உச்சகட்ட மோதல் 1378 முதல் 1381 வரை. இதில் கூட்டணியைக் கவனியுங்கள். ஜெனோவா தனியாக வரவில்லை. வெனிஸுக்கு நிலப்பக்கத்து அண்டை ஊரான பாதுவா, கடலுக்கு அப்பால் தல்மாத்தியக் கரைக்காகப் போட்டியிட்ட ஹங்கேரி மன்னர் இருவரும் சேர்ந்தார்கள். வெனிஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் வளையம். 1379 ஆகஸ்டில் காயலின் தென்முனையில் உள்ள கியோஜ்ஜா ஊர் ஜெனோவாவிடம் விழுந்தது. வெனிஸ் தோல்வியின் விளிம்பில் இருந்தது.

அப்போது மக்கள் ஒரு பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள்: வெத்தோர் பிசானி. முந்தைய தோல்விக்காக அரசு இந்தக் கப்பற்படைத் தளபதியைச் சிறையில் தள்ளியிருந்தது. அவரை விடுவித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய தோஜே (வெனிஸின் ஆட்சித் தலைவர்) அந்திரேயா கொந்தாரினி தாமே கப்பலேறினார். கற்கள் ஏற்றிய கப்பல்களைக் கால்வாய்களில் மூழ்கடித்து, முற்றுகையிட வந்த ஜெனோவா படையையே கியோஜ்ஜாவுக்குள் பூட்டினார்கள். 1380 ஜனவரி 1 அன்று கிழக்குக் கடலிலிருந்து வெனிஸின் இன்னொரு தளபதி கார்லோ செனோவின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஜூனில் ஜெனோவா படை சரணடைந்தது. உடன்படிக்கையில் வெனிஸ் நிறைய விட்டுக்கொடுத்தது, ஆனாலும் நிமிர்ந்துவிட்டது. பாதுவாவை அது மறக்கவில்லை. 1405-இல் அந்நகரைப் பிடித்து, அதன் ஆட்சியாளரை அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றது.

போப்பின் கட்சியான புளோரன்ஸ், போப்போடு போரிட்டது எப்படி?

1309-க்குப் பிறகு போப்புகள் அன்று பிரான்சின் எல்லையில் இருந்த அவிஞ்ஞோனில் தங்கிவிட்டார்கள். அங்கிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள் நடு இத்தாலியில் போப்பின் நிலங்களை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கினார்கள். தொலைவில் இருந்த ஆதரவாளர் இப்போது வாசலில் நிற்கும் அண்டை வீட்டுக்காரர் ஆகிவிட்டார். 1375-இல் புளோரன்ஸ், தன் பழைய எதிரியான மிலானோடு கைகோத்துப் போப்புக்கு எதிராக எழுந்தது. போப் 11-ஆம் கிரகோரி நகரத்தில் வழிபாடுகளுக்கே தடை விதித்தார். 1377 பிப்ரவரியில் போப்பின் கூலிப்படைகள் செசேனா என்ற ஊரில் நடத்திய படுகொலை இத்தாலி முழுவதையும் உலுக்கியது. 1378-இல் சமாதானம் ஆனது. இவ்வளவுக்குப் பிறகும் புளோரன்ஸ் தன்னைக் குவெல்ஃப் நகரம் என்றே அழைத்துக்கொண்டது.

கூலிப்படைத் தலைவர்கள் உண்மையிலேயே அடிக்கடி அணி மாறினார்களா?

ஆமாம், ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அவர்கள் கொண்டோத்தா என்ற ஒப்பந்தத்தின் பேரில் படை கொடுத்தார்கள். எத்தனை குதிரை, எத்தனை மாதம், எவ்வளவு பணம் எல்லாம் எழுத்தில் இருக்கும். காலம் முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம், அதில் குற்றமில்லை.

ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயர் 1364-இல் பைசாவுக்காகப் புளோரன்ஸைத் தாக்கினார். பின் மிலானுக்கும் போப்புக்கும் வேலை செய்தார். 1375-இல் தங்கள் நிலத்தைத் தாக்காமல் இருப்பதற்கு மட்டும் புளோரன்ஸ் 1,30,000 ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்க நாணயம்) கொடுத்தது. கடைசியில் அந்த ஊருக்கே தளபதியாகி, 1394-இல் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். பேராலயச் சுவரில் குதிரைமேல் அமர்ந்த அவர் ஓவியம் இன்றும் இருக்கிறது.

கார்மஞ்ஞோலாவின் முடிவு வேறு. மிலானின் விஸ்கோந்தி பிரபுவுக்குப் பல ஊர்களை வென்று கொடுத்தவர், மனக்கசப்பில் வெனிஸ் பக்கம் வந்தார். 1427-இல் மக்லோதியோவில் பழைய எஜமானரின் படையை முறியடித்தார். சிறைப்பிடித்த வீரர்களை வழக்கப்படி விடுவித்தார். வெனிஸுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அவர் மெத்தனமாகப் போரிட்டதும் சந்தேகத்தை வளர்த்தது. ஆலோசனைக்கு என்று அழைத்துக் கைது செய்து, 1432 மே 5 அன்று வாயில் துணி அடைத்து, கடற்கரைச் சதுக்கத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே தலையை வெட்டினார்கள்.

யாராவது எல்லா நகரங்களையும் ஒன்றாக்க முயன்றார்களா?

மிக அருகில் வந்தவர் மிலானின் ஜியான் கலேயாத்ஸோ விஸ்கோந்தி. 1385-இல் தன் சித்தப்பாவைச் சிறைப்பிடித்து ஆட்சியைக் கைப்பற்றினார். வெரோனா, பாதுவா, பைசா, சியனா, பெருஜா என்று ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன. பாதுவா மட்டும் இடையில் கைநழுவியது. 1395-இல் பேரரசருக்கு 1,00,000 ஃபுளோரின் கொடுத்து கோமகன் பட்டம் வாங்கினார். 1402 ஜூனில் போலோஞ்ஞாவும் விழுந்தது. புளோரன்ஸ் தனித்து நின்றது. அந்த செப்டம்பர் 3 அன்று ஜியான் கலேயாத்ஸோ காய்ச்சலில் இறந்தார். சில வருடங்களில் அவர் சேர்த்ததில் பெரும்பகுதி சிதறிவிட்டது. அவரிடமிருந்து விடுபட்ட பைசாவை 1406-இல் புளோரன்ஸ் விழுங்கியது. சுதந்திரம் காக்கப் போரிட்டோம் என்று புளோரன்ஸ் சொன்னபோது பைசா மக்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

மெதிச்சி குடும்பம் வெனிஸை விட்டு மிலானுக்குத் தாவியது ஏன்?

இந்தக் காலத்தின் மிகப் பெரிய கூட்டணி மாற்றம் இது. 1420-களிலிருந்து புளோரன்ஸும் வெனிஸும் சேர்ந்து மிலானை எதிர்த்தன. 1447-இல் கடைசி விஸ்கோந்தி ஆண் வாரிசின்றி இறந்தார். மிலான் மக்கள் குடியரசை அறிவித்தார்கள். வெனிஸ் படையை எதிர்க்க ஃப்ரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவை நியமித்தார்கள். இவர் கூலிப்படைத் தலைவர், இறந்த கோமகனின் மகள் பியாங்கா மரியாவின் கணவர். 1448 செப்டம்பரில் கரவாஜ்ஜோவில் வெனிஸை நொறுக்கினார். அடுத்த மாதமே வெனிஸோடு ஒப்பந்தம் போட்டு மிலானை நோக்கித் திரும்பினார். 1449-இல் வெனிஸ் அவரை விட்டுவிட்டு மிலானோடு சமாதானம் செய்தது. அவர் அசையவில்லை. முற்றுகையில் பட்டினி கிடந்த நகரம் 1450 பிப்ரவரியில் கிளர்ந்து அவருக்குக் கதவைத் திறந்தது.

இந்தக் காலமெல்லாம் அவருக்குப் பணம் கொடுத்தவர், புளோரன்ஸின் அரசியலைக் கையில் வைத்திருந்த வங்கியாளர் கோசிமோ தே மெதிச்சி. மிலான் விழுந்தால் அடுத்து வெனிஸ் தங்கள் எல்லைக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டார். வலிமை குறைந்த பழைய எதிரியைவிட, வளர்ந்துகொண்டே போகும் நண்பன் ஆபத்தானவன் என்று அவர் கண்டுகொண்டார். 1433-இல் தாமே நாடுகடத்தப்பட்டு, அடைக்கலம் கொடுத்த வெனிஸில்தான் ஒரு வருடம் இருந்தார் என்பதை நினைத்தால் அந்த முடிவின் கடினம் தெரியும். கோபம் கொண்ட வெனிஸ் 1451-இல் புளோரன்ஸ் வணிகர்களை வெளியேற்றியது.

லோதி உடன்படிக்கை அமைதியைக் கொண்டுவந்ததா?

ஓரளவு. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் விழுந்தது வெனிஸை உலுக்கியது. எல்லோரிடமும் காசும் தீர்ந்திருந்தது. சிமோனே என்ற துறவி இரகசியமாகத் தூதுபோய், 1454 ஏப்ரல் 9 அன்று லோதியில் வெனிஸும் மிலானும் கையெழுத்திட்டன. பிறகு புளோரன்ஸ், நேப்பிள்ஸ், போப் மூவரும் சேர்ந்து 25 ஆண்டுக் கூட்டணி ஆனது. ஜெனோவாவைத் தன் வாக்குறுதியிலிருந்து விலக்கிவைத்தார் நேப்பிள்ஸ் மன்னர், பழைய பகை காரணமாக. ஒருவரை ஒருவர் கண்காணிக்க, அந்தந்த ஊரிலேயே நிரந்தரமாகத் தங்கும் தூதர்கள் என்ற வழக்கமும் இந்தக் காலத்தில் வேரூன்றியது.

சிறு போர்கள் நிற்கவில்லை. 1482-இல் போப் 4-ஆம் சிக்ஸ்துஸ் வெனிஸோடு சேர்ந்து ஃபெராராவைத் தாக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அணி மாறி, 1483-இல் அதே வெனிஸில் வழிபாட்டுக்குத் தடை போட்டார்.

இந்த ஆட்டம் எப்போது முடிந்தது?

1494-இல். நேப்பிள்ஸோடு பகை முற்றியதால் மிலானின் லுதொவிகோ ஸ்ஃபோர்ஸா, பிரெஞ்சு மன்னர் 8-ஆம் சார்லஸை இத்தாலிக்கு வரத் தூண்டினார். வெளியூர்ப் படையைக் கூப்பிட்டு உள்ளூர்ப் பகையைத் தீர்ப்பது பழைய வழக்கம்தான். ஆனால் இந்த முறை வந்தவர் பெரிய நாட்டின் மன்னர், பீரங்கிகளோடு. சில மாதங்களில் நேப்பிள்ஸ் விழுந்தது. பயந்துபோன லுதொவிகோ 1495 மார்ச்சில் பிரான்சுக்கு எதிரான கூட்டணியில் சேர்ந்தார். 1499-இல் அடுத்த பிரெஞ்சு மன்னர் மிலானையே எடுத்துக்கொண்டார். லுதொவிகோ பிரான்சில் கைதியாக இறந்தார்.

கவிஞர் தாந்தேவுக்கும் இந்தச் சண்டைகளுக்கும் என்ன தொடர்பு?

வாழ்க்கை முழுவதும் தொடர்பு. 1289-இல் கம்பால்தினோ போரில் புளோரன்ஸுக்காகக் குதிரையேறிச் சண்டை போட்டவர் அவர். கிபெலின்கள் ஒழிந்த பிறகு குவெல்ஃப்கள் வெள்ளை, கறுப்பு என்று பிரிந்தார்கள். தாந்தே வெள்ளை அணி. அவர் போப்பிடம் தூது போயிருந்த சமயம் 1301 நவம்பரில் கறுப்பு அணி நகரத்தைப் பிடித்தது. 1302 ஜனவரியில் அபராதமும் நாடுகடத்தலும், மார்ச்சில் கையில் கிடைத்தால் உயிரோடு எரிக்கத் தீர்ப்பு. துரத்தப்பட்ட வெள்ளை அணியினர், தங்களால் முன்பு துரத்தப்பட்ட கிபெலின்களோடு சேர்ந்து ஊருக்குத் திரும்பப் பார்த்தார்கள். நடக்கவில்லை. தாந்தே அவர்களையும் விட்டுத் தனியே விலகினார். தன் காவியத்தில் நரகத்தில் ஃபரினாத்தாவைச் சந்திப்பதாக எழுதினார். அங்கே அந்தக் கிழவர், உன் முன்னோரை இருமுறை துரத்தினேன் என்கிறார். இவர், இருமுறையும் திரும்பி வந்தோம், உங்களவர்கள் அந்தக் கலையைக் கற்கவில்லை என்கிறார். எழுதியவரே திரும்பிப் போக முடியாதவர் என்று தெரிந்து படிக்கும்போது அந்த வரி தொண்டையை அடைக்கும்.

1321-இல் ரவென்னாவில் இறந்தார். பின்னாளில் மெதிச்சி குடும்பத்துப் போப் ஒருவர் அனுமதியோடு புளோரன்ஸ் ஆட்கள் எலும்புகளை எடுத்துப்போக வந்தபோது, அங்கிருந்த துறவிகள் அவற்றை ஒளித்துவைத்துவிட்டார்கள். புளோரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் அவருக்குக் கட்டிய பெரிய கல்லறை காலியாகவே இருக்கிறது. ரவென்னாவில் அவர் கல்லறையில் எரியும் விளக்குக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் எண்ணெய் வருகிறது. அனுப்புவது புளோரன்ஸ்.